பல் சிகிச்சை என்றாலே நடுங்குகிறவர்களுக்கு: செடேஷனை அறிந்து, கேட்டு, தேர்ந்தெடுக்கும் வழி

ஏழு ஆண்டுகள் நான் பல் மருத்துவரிடம் போகவில்லை. வலித்தால் மாத்திரை போட்டுக்கொள்வேன். வலி நின்றதும் பல்லை மறந்துவிடுவேன். மீண்டும் வலிக்கும்போது அந்தப் பக்கம் மெல்லாமல் சமாளிப்பேன். கடைசியில் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிய நிலையில் போய் நின்றேன். அரை மணி நேரத்தில் அடைத்திருக்கக்கூடிய சொத்தை வேர் வரை இறங்கிவிட்டிருந்தது. பல்லை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் மருத்துவர். பயத்தைத் தணித்துச் சிகிச்சை செய்ய இத்தனை வழிகள் இருப்பதை முன்பே யாராவது சொல்லியிருந்தால், அந்தப் பல் இன்றும் என் வாயில் இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது முதன்முறை செடேஷன் பற்றி, அதாவது மருந்து தந்து பதற்றத்தைத் தணிப்பது பற்றி, யோசிப்பவர்களுக்கானது. எந்த மருந்து உங்களுக்குப் பொருந்தும் என்று முடிவெடுக்க வேண்டியவர் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர். அவரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது, எதற்குத் தயாராவது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள்

'பல் டாக்டர் என்றாலே பயம்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். உட்கார்ந்து யோசித்தால் அந்தப் பயத்துக்குள் குறிப்பான ஒன்று இருக்கும். ஒருவருக்கு ஊசி, இன்னொருவருக்கு டிரில் சத்தம். சிலருக்கு வாய்க்குள் கண்ணாடி வைத்ததுமே குமட்டும். மல்லாந்து படுத்த நிலையில் தண்ணீர் தொண்டைக்குப் போய் மூச்சு அடைத்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். சிறு வயதில் ஈறு மரத்துப்போகாமலேயே பல்லைப் பிடுங்கிய நினைவு சிலரை விடுவதில்லை.

இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் தீர்வும் வேறுபடும். குமட்டல்காரருக்கு, மூக்கு வழியே முகரும் சிரிப்பு வாயு பெரும்பாலும் நன்றாக உதவும். ஊசி என்றாலே மயங்கி விழுபவருக்கு நரம்பு வழிச் செடேஷனை, அதாவது கையின் ரத்தக்குழாயில் மருந்து செலுத்துவதை, பரிந்துரைத்தால், அதற்கும் கையில் ஓர் ஊசி உண்டு என்பதை முன்கூட்டியே பேசியாக வேண்டும். சத்தம்தான் தொல்லை என்றால் காதில் இசையே போதுமானதாகக்கூட இருக்கலாம்.

பயத்தை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐந்து கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உண்டு. நாளைக்குச் சிகிச்சை என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி, டிரில் செய்யப் போகும்போது எப்படி, பல்லைச் சுத்தம் செய்யும்போது எப்படி, ஈறில் ஊசி போடும்போது எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 19 அல்லது அதற்கு மேல் என்றால் பயம் மிகக் கடுமையானது என்று பொருள். எனக்கு 23 வந்தது. அந்த எண்ணைக் காகிதத்தில் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. இதை அளப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது என்றால், என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்

நாற்காலியில் சாய்ந்த பிறகு சொன்னால் தாமதம். தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போதே, 'எனக்குப் பல் சிகிச்சை என்றால் மிகவும் பயம். செடேஷன் வசதி இருக்கிறதா? முதல் நாள் வெறும் பேச்சும் பரிசோதனையும் மட்டும் வைத்துக்கொள்ளலாமா?' என்று கேளுங்கள். இந்த மூன்று வாக்கியங்களும் போதும். முடிந்தால் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நாள் முழுக்கப் பயத்தைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்காது.

'இவ்வளவு வளர்ந்தும் இதற்கெல்லாம் பயமா?' என்று என்னைக் கேட்ட மருத்துவர் ஒருவர் உண்டு. நான் சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தேன், அதன் பிறகுதான் அந்த ஏழு ஆண்டு இடைவெளி. உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள், மருத்துவரை மாற்றுங்கள்.

நல்ல மருத்துவர் முதல் சந்திப்பிலேயே ஒரு சைகை பேசி வைத்துக்கொள்வார். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவேன் என்பார். அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பிறகு, தேவையே இல்லாவிட்டாலும் ஒருமுறை கையைத் தூக்கிப் பாருங்கள். அவர் உண்மையிலேயே நிறுத்துகிறார் என்று கண்ணால் கண்ட பிறகு உடம்பு தானாக இளகும். இது எந்த மருந்தும் இல்லாமல் கிடைக்கும் பாதி செடேஷன் என்றே நினைக்கிறேன்.

மரப்பு ஊசி வேறு, செடேஷன் வேறு

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. செடேஷன் பதற்றத்தைத் தணிக்கும். வலியை நிறுத்துவது ஈறில் போடும் மரப்பு ஊசிதான். செடேஷன் எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலான சிகிச்சைகளில் மரப்பு ஊசி கட்டாயம் உண்டு. அந்த நேரத்தில் அது உங்களுக்குப் பொருட்டாகத் தெரியாது, அல்லது பிறகு நினைவிலேயே இருக்காது, அவ்வளவுதான்.

ஊசி போடும் இடத்தில் முதலில் மரப்பு ஜெல் தடவச் சொல்லுங்கள். தடவிய கையோடு குத்திவிடாமல் ஓரிரு நிமிடம் விட வேண்டும். மருந்தை மிக மெதுவாகச் செலுத்தினால் எரிச்சல் வெகுவாகக் குறையும். இவை இரண்டையும் கேட்டுப் பெறலாம்.

இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். மரப்பு ஊசியில் உள்ள லிடோகெயின் மருந்தோடு பெரும்பாலும் சிறிதளவு அட்ரினலின் சேர்ந்திருக்கும். ஊசி போட்ட சில நொடிகளில் நெஞ்சு படபடவென்று அடித்து, கை லேசாக நடுங்கினால் அது அந்த அட்ரினலினாக இருக்கலாம். சில நிமிடங்களில் தணிந்துவிடும். இது தெரியாமல், 'ஐயோ, எனக்கு ஏதோ ஆகிறது' என்று நினைத்துப் பயம் இரட்டிப்பானவர்களை அறிவேன். படபடப்பு வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் அட்ரினலின் இல்லாத மருந்துக்கு மாற்றலாமா என்று பார்ப்பார்.

சீழ் பிடித்த பல்லைச் சுற்றிய திசு அமிலத்தன்மை அடைந்திருப்பதால் அங்கே மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது. 'எனக்கு மரப்பு ஊசி வேலையே செய்யாது' என்று பலர் நம்புவதற்கு, வலி முற்றிய நாளில் மட்டுமே மருத்துவரிடம் போயிருப்பதும் ஒரு காரணம்.

செடேஷனின் படிகள்

மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் பதற்றம் மட்டும் தளரும், இயல்பாகப் பேசுவீர்கள். இரண்டாவதில் அரைத்தூக்கம் போல இருக்கும். பெயர் சொல்லி அழைத்தாலோ தோளைத் தொட்டாலோ பதில் சொல்வீர்கள், மூச்சு தானாக ஓடும். மூன்றாவது ஆழ்ந்த நிலை. எளிதில் எழுப்ப முடியாது, மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். நான்காவது முழு மயக்கம். இவற்றுக்கு இடையில் கோடு போட்டாற்போல எல்லை கிடையாது. ஒரே அளவு மருந்து ஒருவரை இரண்டாம் நிலையிலும் இன்னொருவரை மூன்றாம் நிலையிலும் கொண்டுபோய் விடலாம். கண்காணிப்பு இவ்வளவு வலியுறுத்தப்படுவதன் காரணம் இதுதான்.

உங்கள் பயத்துக்குப் போதுமான மிக லேசான படியிலிருந்து தொடங்குங்கள் என்பது என் ஆலோசனை.

சிரிப்பு வாயு

நைட்ரஸ் ஆக்ஸைடு. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் ஒரு காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். அங்கே இந்த வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியே உணரவில்லை. அதைக் கவனித்த வெல்ஸ், மறுநாளே தானும் அதை முகர்ந்து தன் பல்லையே எடுக்கச் செய்தார். இன்றும் பல் சிகிச்சையில் அதே வாயுதான், இப்போது ஆக்ஸிஜனோடு அளந்து கலந்து தரப்படுகிறது.

எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மூக்கின் மேல் மட்டும் உட்காரும் மென்மையான சிறு முகமூடி. லேசான இனிப்பு மணம். முதலில் வெறும் ஆக்ஸிஜன் வரும். பிறகு வாயுவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் விரல் நுனிகள் குறுகுறுத்தன. பிறகு உதடு. அதன் பின் கால்கள் கனத்து நாற்காலிக்குள் அமிழ்ந்தது போல இருந்தது. டிரில் சத்தம் கேட்டது, ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ வேலை செய்வது போலக் கேட்டது. 'சரியாக இருக்கிறீர்களா?' என்று மருத்துவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன். என் கைகள் நாற்காலிப் பிடியை இறுகப் பற்றாமல் மடியில் கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

தலை சுற்றினால், குமட்டினால், அளவுக்கு மீறி மிதப்பது போல இருந்தால் சொல்லுங்கள். குமிழைச் சற்றுத் திருப்பினால் ஓரிரு நிமிடங்களில் சரியாகும். இந்த உடனடிக் கட்டுப்பாடு மாத்திரையில் கிடைக்காது. பெரும்பாலான கருவிகள் ஆக்ஸிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதபடி அமைக்கப்பட்டிருக்கின்றன. முடிவில் ஐந்து நிமிடம்போலத் தூய ஆக்ஸிஜன் தருவார்கள். வாயு நுரையீரல் வழியே வெளியேறிவிடுவதால் தலை சீக்கிரம் தெளியும். இதை மட்டும் எடுத்துக்கொண்ட பெரியவர்கள் மருத்துவர் அனுமதித்தால் தனியாகவே வீடு திரும்பலாம்.

மூக்கடைப்போடு போகாதீர்கள். மூக்கு வழியே மூச்சு இழுக்க முடியாவிட்டால் இது வேலை செய்யாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பார்கள். அண்மையில் கண் அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு செலுத்தியிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்த வாயு விரிந்து பார்வைக்கே ஆபத்தாகும். காது அறுவை சிகிச்சை, நாள்பட்ட நுரையீரல் நோய், வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது. நைட்ரஸ் ஆக்ஸைடு பி12-ஐச் செயலிழக்கச் செய்யும்.

மாத்திரை

டயஸெபம், லோரஸெபம், டிரையஸோலம் போன்ற மாத்திரைகளில் ஒன்றைச் சிகிச்சைக்கு முன் விழுங்கச் சொல்வார்கள், பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பு. சிலருக்கு முந்தைய இரவுத் தூக்கத்துக்கும் ஒன்று தருவார்கள். ஊசி இல்லை, முகமூடி இல்லை. எளிமைதான் இதன் பலம்.

பலவீனமும் உண்டு. விழுங்கியதைத் திரும்ப எடுக்க முடியாது, இடையில் அளவைக் கூட்டிக் குறைக்க முடியாது. ஒருவருக்கு ஒன்றுமே ஆகாது, அதே அளவில் இன்னொருவர் தூங்கி வழிவார். ஒன்றும் தெரியவில்லையே என்று நீங்களாக இரண்டாவது மாத்திரையைப் போட்டுக்கொள்வது மிகவும் ஆபத்தானது. வீட்டில் வேறு யாருக்கோ எழுதித் தந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு போவதும் அப்படியே. மதுவோடும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகளோடும் சேர்ந்தால் இவை மூச்சையே ஒடுக்கிவிடக்கூடும். சில பூஞ்சைக் கொல்லி மருந்துகள், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், ஏன், கிரேப்ஃப்ரூட் பழச்சாறுகூட டிரையஸோலத்தின் வேகத்தைக் கூட்டும். டயஸெபம் ஒரு நாளுக்கு மேலும் உடலில் தங்கும்.

நரம்பு வழி

கடுமையான பயத்துக்கும், ஞானப்பல் எடுப்பது போன்ற நீண்ட வேலைக்கும் இது பொருந்தும். புறங்கையிலோ முழங்கை மடிப்பிலோ மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, பெரும்பாலும் மிடஸோலம் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். கொஞ்சம் செலுத்தி, காத்திருந்து, உங்கள் பேச்சு குழறுகிறதா, இமை கனக்கிறதா என்று பார்த்து, மீண்டும் கொஞ்சம் என்பதே முறை.

பலர் இதைத் 'தூங்க வைத்துச் செய்வது' என்று சொல்கிறார்கள். உண்மையில் நீங்கள் வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பீர்கள், கேட்டால் பதில் சொல்வீர்கள். மிடஸோலம் அந்த நேரத்து நினைவைப் பதியவிடாமல் செய்வதால், தூங்கி எழுந்தது போலத் தோன்றும். என் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுக்க நாற்பது நிமிடங்கள் ஆனதாகச் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது கையில் ஒட்டிய பிளாஸ்திரியும், 'முடிந்துவிட்டது' என்ற குரலும்தான். இடையில் நான் நாற்காலியின் நிறத்தைப் பற்றி விசாரித்தேனாம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. மருந்து செலுத்துபவர் இதற்கெனப் பயிற்சி பெற்றவரா? சிகிச்சை செய்பவரைத் தவிர, என்னை மட்டும் கவனிக்க இன்னொருவர் இருப்பாரா? ஆக்ஸிஜன் அளவு, ரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்கும் கருவிகள் இருக்கின்றனவா? அவசரத்துக்கு ஆக்ஸிஜனும், மிடஸோலத்தின் விளைவை முறிக்கும் ஃபுளூமஸெனில் மருந்தும் அறையிலேயே இருக்கின்றனவா? நல்ல இடத்தில் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசியைப் பார்த்தாலே ரத்த அழுத்தம் சரிந்து மயங்குபவர்கள், குழாய் செருகும் முன் கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கி, பின் தளர்த்தி, மீண்டும் இறுக்கினால் மயக்கத்தைத் தடுக்கலாம். குழாய் செருகும் கையை மட்டும் தளர்வாக விடுங்கள். தோலில் மரப்புக் களிம்பு தடவவும், முதலில் சிரிப்பு வாயு தந்துவிட்டுப் பிறகு குழாய் செருகவும் கேட்கலாம்.

முழு மயக்கம்

மயக்கவியல் மருத்துவர் உடனிருக்க, முறையான வசதியுள்ள இடத்தில் மட்டுமே செய்ய வேண்டியது. பல பற்களுக்கு ஒரே நாளில் பெரிய சிகிச்சை, ஒத்துழைக்க முடியாத சிறு குழந்தைகள், சிறப்புத் தேவை உள்ளவர்கள், வேறு எந்த வழியும் பலிக்காதவர்கள் ஆகியோருக்கு இது வரம். ஒரு சொத்தையை அடைக்க இதைக் கேட்பது தேவைக்கு மிஞ்சியது.

குழந்தைகளுக்கு

குழந்தைகளின் மூச்சுப்பாதை குறுகியது, மருந்து அளவு எடையைப் பொறுத்தது. அதனால் குழந்தைகள் பல் மருத்துவத்தில் பயிற்சி பெற்றவரிடமே செல்லுங்கள். கருவியைப் பற்றி முதலில் சொல்லி, பிறகு விரல் நகத்தில் ஓட்டிக் காட்டி, அதன் பிறகே வாயில் வைக்கும் முறையிலேயே பல குழந்தைகள் இளகிவிடுவார்கள். குறட்டை விடும் குழந்தை, பெரிய டான்சில் உள்ள குழந்தை என்றால் முன்பே தெரிவியுங்கள். மிடஸோலம் தந்தால் சில குழந்தைகள் அமைதியாவதற்குப் பதிலாக அழுது அடம்பிடிப்பதும் உண்டு. வீட்டிலிருந்தே எந்த மருந்தும் கொடுத்து அழைத்துச் செல்லாதீர்கள். 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லவும் வேண்டாம்.

முந்தைய நாளும் அன்றைய நாளும்

எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதுங்கள், மூலிகை மருந்துகள் உட்பட. தூக்கத்தில் மூச்சு நின்று வரும் நோய், ஆஸ்துமா, இதய நோய், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், முன்பு மயக்க மருந்தால் ஏற்பட்ட சிக்கல், மது, புகை, போதைப் பழக்கம் எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். எடை குறைக்கவும் சர்க்கரை நோய்க்கும் வாரம் ஒருமுறை போடும் ஊசிகளில் சில, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அவற்றையும் சொல்லுங்கள்.

நரம்பு வழிச் செடேஷனுக்கும் முழு மயக்கத்துக்கும் பொதுவான பட்டினி விதி: லேசான உணவுக்குப் பின் 6 மணி நேரம், எண்ணெய், கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் 8 மணி நேரம், தண்ணீருக்குப் பின் 2 மணி நேரம். லேசான செடேஷனுக்கு இவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். உங்கள் மருத்துவர் எழுதித் தருவதையே பின்பற்றுங்கள். சர்க்கரை மருந்து, ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றை அன்று எடுப்பதா விடுவதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கையை எளிதாக மேலே சுருட்டக்கூடிய உடை போதும். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி சரியாகப் படிக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வையுங்கள். சளி, காய்ச்சல் வந்தால் மறைக்காமல் தேதியைத் தள்ளிப்போடுங்கள். மாத்திரை, நரம்பு வழி, முழு மயக்கம் எதுவானாலும் பொறுப்பான ஒரு பெரியவர் உடன் வந்து, வீடு வரை அழைத்துச் சென்று, அன்று கூடவே இருக்க வேண்டும். வாசலில் விட்டுவிட்டுப் போகிறவர் கணக்கில் சேரமாட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு

தெளிவாக இருப்பதாகவே உங்களுக்குத் தோன்றும், அந்த எண்ணத்தை நம்பாதீர்கள். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, அடுப்பு, இயந்திரம் வேண்டாம், கையெழுத்துப் போடும் காரியங்கள் வேண்டாம், கைக்குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் வேண்டாம். மது கூடவே கூடாது. உதடும் நாக்கும் மூன்று முதல் ஐந்து மணி நேரம் மரத்திருக்கலாம். அதுவரை சூடானதைக் குடித்தால் சுட்டது தெரியாது, மென்றால் கன்னத்தையே கடித்துவிடுவீர்கள். குழந்தைகள் உதட்டைக் கடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூச்சுவிடச் சிரமம், எழுப்பினால் எழாத தூக்கம், நிற்காத வாந்தி, அடங்காத ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசர உதவியை அழைக்க வேண்டும். இதை உங்களிடம் சொல்லிப் பயனில்லை, கூட இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். மருத்துவர் சொல்லும் அறிவுரைகளையும் அவரே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். உங்களுக்கு அவை நினைவில் நிற்காமல் போகலாம்.

மறுநாள் தலை தெளிந்ததும் ஒரு குறிப்பு எழுதுங்கள். என்ன மருந்து, எந்த அளவு, எது உதவியது, எந்த நொடியில் பயம் எட்டிப் பார்த்தது என்று. அளவு தெரியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை அந்தத் தாளோடு போங்கள். வலியில்லாத ஒரு நாளில், வெறும் பல் சுத்தத்துக்கு, செடேஷன் இல்லாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் சிரிப்பு வாயு இருக்கவே இருக்கிறது. எனக்கு முதலில் நரம்பு வழி, பிறகு இரண்டு முறை வாயு. போன மாதம் ஒரு சொத்தையை வெறும் மரப்பு ஊசியோடு அடைத்துக்கொண்டேன். கையை ஒரே ஒரு முறைதான் தூக்கினேன், அவரும் உடனே நிறுத்தினார்.